உபுண்டு 22.04: அப்பாச்சியை நீக்கி மீள நிறுவியும் தொடங்கவில்லை, 80ஆம் போர்ட்டில் வேறொன்று இயங்குகிறது

கோண்டாவில் வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் பழைய மேசைக் கணினி ஒன்றில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதையே வழங்கியாகப் (மற்றக் கணினிகளுக்குச் சேவை தரும் கணினியாகப்) பாவித்து வருகிறோம். நூற்பட்டியலைத் தேடுவதற்கென்று பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய சிறிய செயலி ஒன்று அதில் உள்ளது; தரவுகள் மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தளத்தில் இருக்கின்றன. இதை அமைத்துக் கொடுத்தவர் வெளிநாடு சென்றுவிட்டதால் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

நூற்பட்டியல் சில காலமாகத் திறக்கவில்லை. செயலியை உலாவிகளுக்கு வழங்கும் வலை வழங்கி மென்பொருளான அப்பாச்சியைத் தொடங்க முயன்றால், அப்பாச்சி2.கொன்ஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்பு இல்லை என்று செய்தி வருகிறது. முன்னவரின் கட்டளை வரலாற்றைப் பார்த்தபோது, /ஈடிசி/அப்பாச்சி2 அடைவை ஆர்எம் கட்டளையால் முழுவதுமாக அழித்திருப்பது தெரிந்தது. மென்பொருட் பொதிகளை நிறுவி நீக்கும் ஏபிடி கட்டளையில் ரிமூவ் கொடுத்து அப்பாச்சியை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் கொடுத்தேன். ரீஇன்ஸ்டால் தெரிவையும் பாவித்துப் பார்த்தேன். பொதி இறங்குகிறது, அடைவு உருவாகிறது, ஆனால் அமைப்புக் கோப்புகள் மட்டும் திரும்பி வருவதில்லை.

என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு வலை வழங்கி வேகமானது என்று ஒருவர் சொன்னதால் அதையும் நிறுவினேன். வலைப்பக்கங்களுக்கான இணைப்பு வாயிலாகிய 80ஆம் போர்ட் ஏற்கெனவே பாவனையில் உள்ளது என்று சொல்லி, 98ஆம் இலக்கப் பிழையுடன் அது நின்றுவிடுகிறது. எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் அந்தப் போர்ட்டை எச்டிடிபிடி என்ற பெயருள்ள செயல்முறை பிடித்து வைத்திருக்கிறது. அப்பாச்சிதான் இயங்கவில்லையே, அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது? மைஎஸ்கியூஎல்லையும் நீக்கி மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாறுவது நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள். நூற்பட்டியல் தரவுக்கு வேறு பிரதி எதுவும் இல்லை என்பதால் அதில் கை வைக்கத் தயக்கமாக இருக்கிறது. இணையமும் டொங்கிள் வழியாகத்தான் கிடைக்கிறது. ஆகவே தேவையற்ற தரவிறக்கத்தைத் தவிர்க்க விரும்புகிறேன்.


பனங்கூடல் எழுதியது:

வணக்கம். முதற்கேள்விக்கு மட்டும் இப்போது பதில் தருகிறேன். நீங்கள் காண்பது பழுதல்ல. உபுண்டுவும் அடங்கும் டெபியன் குடும்பத்தின் பொதி மேலாளரான டிபிகேஜி தனது விதிப்படி நடந்துகொள்கிறது. /ஈடிசியின் கீழ் உள்ள அமைப்புக் கோப்புகளை அது நிர்வாகியின் சொத்தாகவே கருதுகிறது. நீங்கள் ஒரு கோப்பில் திருத்தம் செய்திருந்தால், புதிய பதிப்பு வரும்போது கேட்காமல் அதை மேலெழுதாது. அதே நியாயப்படி, நீங்கள் ஒரு கோப்பை அழித்திருந்தால் அதுவும் நீங்கள் விரும்பிச் செய்த ஒரு திருத்தமே என்று எடுத்துக்கொண்டு, அதைத் திரும்ப வைக்க மறுக்கிறது. முன்னவர் கையால் அழித்த கோப்புகள் யாவும் டிபிகேஜியின் பதிவேட்டில் இன்னும் இருக்கின்றன. எத்தனை முறை மீள நிறுவினாலும் அவை வரமாட்டா.

ரிமூவ் என்பதும் பர்ஜ் என்பதும் வேறுபடும் இடம் இதுதான். ரிமூவ் நிரலை எடுத்துவிட்டு, அமைப்புக் கோப்புகளையும் அவை பற்றிய பதிவையும் விட்டுவைக்கும். அந்த நிலையில் டிபிகேஜி எல் பட்டியலைப் பார்த்தால் பொதியின் பெயருக்கு முன்னால் ஆர்சி என்ற இரண்டு எழுத்துகள் நிற்பதைக் காணலாம்: நீக்கும்படி கேட்கப்பட்டது, அமைப்புக் கோப்புகள் எஞ்சியுள்ளன என்பது அதன் பொருள். முறையாக நிறுவப்பட்டிருப்பவற்றுக்கு ஐஐ என்று இருக்கும். பர்ஜ் கொடுத்தால் மட்டுமே அந்தப் பதிவும் அழிந்து, அடுத்த நிறுவலின்போது எல்லாக் கோப்புகளும் புதிதாக வரும். பர்ஜ் செய்யாமல் விடுபட்ட கோப்புகளை மட்டும் வரவழைக்க ஃபோர்ஸ் கொன்ஃப்மிஸ் என்ற டிபிகேஜி தெரிவும் உண்டு. ஒன்றிரண்டு கோப்புகள் காணாமற்போயிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அடைவு முழுவதுமே போய்விட்டதால் பர்ஜ் செய்து தொடங்குவதே சுத்தமானது.

ஆனால் உடனே செய்துவிட வேண்டாம். எந்த நீக்கத்துக்கும் முன்னர் எஸ் தெரிவுடன் அதே கட்டளையைக் கொடுத்தால், உண்மையில் எதையும் செய்யாமல் எவை போகும், எவை வரும் என்ற பட்டியலை மட்டும் காட்டும். அந்தப் பட்டியலை இங்கே பதிவிடுங்கள். /வார்/லொக்/ஏபிடி அடைவில் ஹிஸ்டரி.லொக் என்ற கோப்பையும், அதன் பழைய மாதப் பிரதிகளையும் பாருங்கள். முன்னவர் ஏபிடி வழியாக என்னென்ன கட்டளை கொடுத்தார் என்பது திகதியோடு அதில் இருக்கும்.


கல்லுண்டாய்க் காற்று எழுதியது:

இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை என்பது எனது கருத்து. யார் என்ன செய்து வைத்தார் என்று தெரியாத கணினி இது. தரவுத்தளத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, வன்தட்டை அழித்து, புதிதாக 24.04ஐ நிறுவினால் ஓர் பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும்.


வடலி எழுதியது:

கல்லுண்டாய்க் காற்று சொல்வது சில கணினிகளுக்குப் பொருந்தும், ஆனால் இந்தக் கணினியில் அது ஆபத்தானது என்றே நினைக்கிறேன். எச்டிடிபிடி என்ற அந்தப் பெயர்தான் காரணம். உபுண்டுவின் பொதியிலிருந்து வரும் அப்பாச்சி இயங்கும்போது அதன் செயல்முறைக்கு அப்பாச்சி2 என்றே பெயர் இருக்கும். எச்டிடிபிடி என்ற பெயர் ரெட் ஹட் என்ற மற்றொரு லினக்ஸ் குடும்பத்துக்கு உரியது. உபுண்டுவில் அது தென்பட்டால், யாரோ மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவியிருக்க வேண்டும், அல்லது ஸ்னாப் என்ற தனிவகைப் பொதி ஒன்று தனக்குள்ளேயே ஓர் அப்பாச்சியைச் சுமந்து வந்திருக்க வேண்டும். இரண்டுமே ஏபிடியின் கண்ணில் படாதவை. ஏபிடியால் நிறுவப்படாத ஒன்றை ஏபிடியால் நீக்கவும் முடியாது, அதன் பதிவேட்டிலும் அது இராது. அந்தச் செயலிக்குள் யாருடைய தரவு இருக்கிறது என்று அறியாமல் வன்தட்டை அழிப்பது எப்படி?

ஸ்னாப் லிஸ்ட் என்ற கட்டளையைக் கொடுத்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள். அதில் எதுவும் இல்லையென்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவைப் பாருங்கள். மூலநிரலிலிருந்து மேக் இன்ஸ்டால் செய்தவை பெரும்பாலும் அங்கேதான் போய் அமரும்.


கோண்டாவில் வாசகன் எழுதியது:

வடலிக்கு மிக்க நன்றி. ஸ்னாப் லிஸ்ட்டில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்புச் செயலி இருக்கிறது. உலாவியில் திறந்து பார்த்தேன், நுழைவுப் பக்கம் வந்தது. நிலையத்துப் பெரியவர் ஒருவரிடம் விசாரித்தபோது, பழைய ஆண்டு மலர்களையும் கூட்டக் குறிப்பேடுகளையும் ஸ்கேன் செய்து அதில் ஏற்றியதாகச் சொன்னார். கணினியை அழித்திருந்தால் அவையும் போயிருக்கும். இனி இந்த ஸ்னாப்பை நீக்கிவிட்டு நூற்பட்டியலுக்கு 80ஆம் போர்ட்டைக் கொடுப்பதா?


வடலி எழுதியது:

நீக்கவே வேண்டாம். நெக்ஸ்ட்கிளவுட் ஸ்னாப் தனக்கு வேண்டிய அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி ஆகியவற்றைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், வெளியே நீங்கள் ஏபிடி மூலம் செய்யும் எதுவும் அதைப் பாதிக்காது. முரண்பாடு போர்ட் இலக்கத்தில் மட்டுந்தான். ஸ்னாப் செட் கட்டளையில் நெக்ஸ்ட்கிளவுட் என்று கொடுத்து, போர்ட்ஸ்.எச்டிடிபி என்ற அமைப்பின் பெறுமதியை 81 ஆக்கினால் அது அங்கே மாறிவிடும். பின்னர் அதைத் திறப்பவர்கள் முகவரியின் இறுதியில் முக்காற்புள்ளியுடன் 81 சேர்க்க வேண்டும்.

என்றாவது உண்மையாகவே நீக்க நேர்ந்தால் ஒன்றைக் கவனத்தில் வைத்திருங்கள். ஸ்னாப் ரிமூவ் கொடுக்கும்போது தரவின் நிழற்படம் (அந்நேரத்துப் பிரதி) ஒன்று தானாகவே சேமிக்கப்படும், 31 நாட்கள் வரை ஸ்னாப் சேவ்ட் பட்டியலில் இருக்கும், அதிலிருந்து மீட்கலாம். ஸ்கேன் செய்த மலர்கள் நிறைய இருந்தால் அந்த நிழற்படத்துக்கு வன்தட்டில் இடம் போதாமற்போகலாம். பர்ஜ் தெரிவைச் சேர்த்தால் அந்த நிழற்படமும் எடுக்கப்படாது. ஏபிடியில் பனங்கூடல் பரிந்துரைக்கும் பர்ஜ் அமைப்புக் கோப்புகளைத்தான் துப்புரவாக்குகிறது. ஸ்னாப்பில் அதே பெயர் உங்கள் தரவையே பறித்துவிடும். எதற்கும் இப்போதே நெக்ஸ்ட்கிளவுட்.எக்ஸ்போர்ட் கட்டளையால் ஒரு பிரதி எடுத்து வெளி வன்தட்டில் வையுங்கள்.


செம்பருத்தி எழுதியது:

தம்பி, அப்பாச்சியைத் தொடுவதற்கு முன்னர் நூற்பட்டியல் தரவைப் பிரதி எடுங்கள். தரவை எழுத்துக் கோப்பாக வெளியே எழுதும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையால் எடுத்தால் போதும். ஆனால் எடுத்தோம் என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்த் தரவு விடயத்தில் இதை நான் பலருக்கும் வலியுறுத்துவது உண்டு. அந்த டம்ப் கோப்பை எழுத்துத் தொகுப்பானில் திறந்து, ஏதாவது ஒரு நூலின் பெயரைத் தமிழில் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஏனென்றால், பழைய பிஎச்பிச் செயலிகள் பல, தரவுத்தளத்துடன் இணையும்போது எழுத்துக் குறியீடு எது என்று சொல்வதில்லை. இணைப்பு லத்தீன்1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துக் குறியீடாக அமைந்துவிட்டால், யூடிஎஃப்8 என்ற யூனிகோட் குறியாக்கத்தில் மூன்று பைட் கொண்ட ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்துகளாகக் கருதப்பட்டு உள்ளே போகும். வெளியே எடுக்கும்போதும் அதே பிழையான வழியாலேயே வருவதால் உலாவியில் எல்லாம் சரியாகவே தெரியும். டம்ப் எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்: தலைக்கு மேல் குறியிட்ட லத்தீன் ஏ எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும், தமிழ் எங்கும் இராது. அப்படி இருந்தால் பதற வேண்டாம், தரவு கெடவில்லை. டிஃபோல்ட் கரக்டர் செட் தெரிவை லத்தீன்1 என்றும், அதனுடன் ஸ்கிப் செட் சார்செட் தெரிவையும் கொடுத்து மறுபடி எடுத்தால் தமிழ் தமிழாகவே கோப்பில் விழும். தொடக்கத்திலேயே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் யூடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டு எடுத்த பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாடிபிக்கு மாறுவது பற்றி: 2009இல் மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வந்த அது நல்ல மென்பொருள்தான், டெபியன் 2017இல் வெளியிட்ட ஒன்பதாம் பதிப்பிலிருந்து அதையே இயல்பாகத் தருகிறது. ஆயினும் உங்கள் மைஎஸ்கியூஎல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுவதை ஏன் நீக்க வேண்டும்? மைஎஸ்கியூஎல் 8.0இன் தரவு அடைவை மரியாடிபி நேரடியாக வாசிக்காது, டம்ப் வழியாகத்தான் போக வேண்டும். அங்கும் ஒரு முள் இருக்கிறது: 8.0 இயல்பாகப் பாவிக்கும், பெயரில் 0900 என்ற இலக்கம் வரும் எழுத்து வரிசைமுறையை 22.04இல் கிடைக்கும் மரியாடிபி 10.6 அறியாது, டம்ப் கோப்பில் அந்தப் பெயரை யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்று மாற்றினால்தான் உள்ளே ஏறும். தேவை வரும் நாளில் செய்யலாம்.


பனங்கூடல் எழுதியது:

வடலியும் செம்பருத்தியும் சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. இனி என்ஜின்எக்ஸ் பற்றி. ஒரு வாசிகசாலையில் ஒரே நேரத்தில் நூல் தேடும் வாசகர்களுக்கு அப்பாச்சிக்கும் என்ஜின்எக்ஸுக்கும் இடையில் எந்த வேறுபாடும் தெரியப்போவதில்லை. மாறாக, உங்கள் செயலியின் அடைவில் புள்ளியில் தொடங்கும் எச்டி அக்செஸ் கோப்புகள் (அந்த அடைவுக்கு மட்டுமான அப்பாச்சி அமைப்புகள்) இருந்தால், அவற்றை என்ஜின்எக்ஸ் திரும்பியும் பாராது. தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள அடைவை வெளியாரிடமிருந்து மறைத்து வைத்திருப்பது அந்தக் கோப்பாக இருந்தால், என்ஜின்எக்ஸுக்கு மாறிய அன்றே அந்தத் தடை இல்லாமற்போகும். ஆகவே இந்தக் கணினியிலிருந்து நீங்க வேண்டியது என்ஜின்எக்ஸ்தான்.

அதை நீக்கும்போது, ஏபிடி பர்ஜ் என்ஜின்எக்ஸ் என்று மட்டும் கொடுத்தால் /ஈடிசி/என்ஜின்எக்ஸ் அடைவு அப்படியே இருப்பதைக் கண்டு குழம்புவீர்கள். அமைப்புக் கோப்புகள் என்ஜின்எக்ஸ் கொமன் என்ற துணைப் பொதிக்கு உரியவை. அது சார்புப் பொதியாக வந்தது, எனவே ஓட்டோரிமூவ் கட்டளையைப் பர்ஜ் தெரிவுடன் கொடுக்கும்போதுதான் போகும். அந்த ஓட்டோரிமூவ் காட்டும் பட்டியலை வரிவரியாக வாசியுங்கள். முன்னவர் ஏதாவதொன்றின் துணையாக நிறுவிய பொதியை உங்கள் செயலி நம்பியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட பெயரைக் கண்டால் ஏபிடி மார்க் மனுவல் கொடுத்து அதைத் தங்க வைக்கலாம். பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக நீக்கச் சொல்லும் இணையக் குறிப்புகளை நான் விரும்புவதில்லை. நட்சத்திரக் குறிக்கு என்னென்ன பொருந்தும் என்பதைக் கட்டளையிடுபவர் அறியமாட்டார்.

அடுத்து அப்பாச்சி. அப்பாச்சி2 பொதியுடன், அப்பாச்சிக்குள் பிஎச்பியை இயக்கும் லிப்அப்பாச்சி2 மொட் பிஎச்பி8.1 என்ற பொதியையும் ஒரே கட்டளையில் பர்ஜ் செய்யுங்கள். அதை விட்டுவிட்டால் அதனுடைய அமைப்புக் கோப்பு திரும்பி வராமல், பிஎச்பி நிரல் இயங்குவதற்குப் பதிலாக நிரலின் மூலமே வாசகரின் திரையில் கொட்டும், கடவுச்சொல் உட்பட. பிஎச்பி8.1 என்ற மேற்பொதி இயங்குவதற்கு பிஎச்பியை இயக்கும் வழிகளான அப்பாச்சிக் கூறு, எஃப்பிஎம், சிஜிஐ ஆகிய மூன்றில் ஒன்று வேண்டும் என்பதால், நீக்கும் நேரத்தில் ஏபிடி பதிலாக வேறொன்றைக் கொண்டுவரப் பார்க்கலாம். எஸ் தெரிவுடன் முன்னோட்டம் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ அடைவில் உள்ள உங்கள் செயலிக் கோப்புகளைப் பர்ஜ் அழிக்காது, என்றாலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

டொங்கிள் இணையம் என்று சொன்னீர்கள். ஏபிடி என்ற கட்டளை, நிறுவல் வெற்றியாக முடிந்ததும் தரவிறக்கிய பொதிக் கோப்புகளை அழித்துவிடும். பழைய ஏபிடி கெட் கட்டளை அவற்றை /வார்/கேஷ்/ஏபிடி/ஆர்கைவ்ஸ் அடைவில் வைத்திருக்கும். மறுபடி மறுபடி நிறுவிப் பார்க்கும் நாளில் ஏபிடி கெட்டையே பாவித்தால் அதே கோப்பை இரண்டாம் முறை இறக்க வேண்டியதில்லை. இடையில் மின்சாரம் போய்க் கணினி நின்றுவிட்டால், பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காமல், கணினி எழுந்ததும் டிபிகேஜி கொன்ஃபிகர் ஏ என்ற கட்டளையைக் கொடுங்கள். பாதியில் நின்ற பொதிகளை அது விட்ட இடத்திலிருந்து அமைத்து முடிக்கும்.


கோண்டாவில் வாசகன் எழுதியது:

சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன். செம்பருத்தி அக்கா எச்சரித்தபடி டம்ப் கோப்பில் தமிழுக்குப் பதிலாக லத்தீன் குப்பைதான் இருந்தது. லத்தீன்1 தெரிவுடன் மறுபடி எடுத்ததும் நூற்பெயர்கள் அழகாகத் தமிழில் வந்தன. நெக்ஸ்ட்கிளவுட் 81க்கு மாறிவிட்டது. என்ஜின்எக்ஸ் போய்விட்டது. அப்பாச்சி எழுந்து, நூற்பட்டியலின் முகப்பும் வருகிறது. ஆனால் முகப்பிலிருந்து எந்த நூலை அழுத்தினாலும் 404 (பக்கம் இல்லை) என்று வருகிறது. முகவரிகளை மாற்றியெழுதும் ரீரைட் கூறினை ஏ2என்மொட் கட்டளையால் இயக்கியும் பயனில்லை.


பனங்கூடல் எழுதியது:

எச்டி அக்செஸ் கோப்பு வாசிக்கப்படவில்லை. உபுண்டுவின் புதிய அப்பாச்சி2.கொன்ஃப், /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ அடைவுக்கு அலவ்ஓவர்ரைட் என்ற கட்டளையை நன் என்றே வைத்து வருகிறது. அதாவது அடைவுக்குள் இருக்கும் எச்டி அக்செஸ் எதையும் பொருட்படுத்தாதே என்று பொருள். முன்னவர் அதை மாற்றியிருந்திருப்பார், அந்த மாற்றமும் அழிந்த அடைவோடு போய்விட்டது. பொதுக் கோப்பில் கை வைக்காமல், சைட்ஸ் அவெய்லபிள் அடைவில் நூற்பட்டியலுக்கென்று ஒரு தளக் கோப்பை எழுதி, அதற்குள் உங்கள் செயலியின் அடைவுக்கு மட்டும் அலவ்ஓவர்ரைட் ஓல் என்று கொடுங்கள். ஏ2என்சைட் கட்டளையால் அதை இயக்கி, அப்பாச்சி2சிடிஎல் கொன்ஃபிக்டெஸ்ட் சரி என்று சொன்ன பிறகு ரீலோட் செய்யுங்கள். 404 போவது ஒருபுறம் இருக்க, கடவுச்சொல் உள்ள கோப்பின் முகவரியை உலாவியில் நேரடியாகக் கொடுத்து, தடை வருகிறதா என்றும் பாருங்கள். இந்த நிமிடம் வரை அந்தத் தடை வேலை செய்யவில்லை.


கோண்டாவில் வாசகன் எழுதியது:

நூல்கள் யாவும் திறக்கின்றன. கடவுச்சொல் கோப்புக்கு 403 (அனுமதி இல்லை) வருகிறது. அது திறந்து கிடந்திருக்கக்கூடும் என்பதால் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். இன்னும் ஒரு சிறு ஐயம். பாவனையாளர் பட்டியலில், முன்னவர் எப்போதோ நிறுவி நீக்கிய போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கணக்கு இன்னும் இருக்கிறது. துப்புரவுக்காக அதையும் நீக்கலாமா?


வடலி எழுதியது:

விட்டுவிடுங்கள். பொதி நீங்கினாலும் அது உருவாக்கிய கணக்கை டெபியன் பொதிகள் பெரும்பாலும் வேண்டுமென்றே விட்டுவைக்கின்றன. அந்தக் கணக்குக்குச் சொந்தமான கோப்புகள் வன்தட்டில் எங்காவது எஞ்சியிருந்தால், கணக்கை அழித்த பிறகு அவற்றின் உரிமை வெறும் எண்ணாக நிற்கும். நாளை வேறொரு பொதி நிறுவப்படும்போது அதே எண் புதிய கணக்குக்கு வழங்கப்பட்டால், அந்தக் கோப்புகள் அதற்குச் சொந்தமாகிவிடும். கடவுச்சொல் இல்லாத அந்தக் கணக்கு சும்மா இருப்பதால் தீங்கு ஒன்றும் இல்லை. ஐயம் தீர வேண்டுமென்றால் ஃபைண்ட் கட்டளையில் யூசர் போஸ்ட்கிரெஸ் என்று கொடுத்துத் தேடிப் பாருங்கள். /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் அடைவில் ஏதாவது கிடைத்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பெரியவரிடம் கேட்ட பிறகு முடிவெடுக்கலாம்.